ஒன்பது போட்டுக்கொண்டவள்

அத்தியாயம் 17

ஒரு வாரமாக அந்த வீட்டின் மாடியிலும் கீழேயும் பேச்சு ஒரே எண்ணைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பூச்சி வேலை பார்க்கும் மருத்துவமனையில் வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் தனக்குத்தானே பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுப் படிவத்தை மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் தன் பங்குக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு மார்க் போடுவார். பதினோரு வருடமாகப் பூச்சி தனக்கு ஐந்துதான் போட்டு வந்தாள். தன்னைத் தானே தூக்கிச் சொல்வது மரியாதை இல்லை, பார்க்கிறவர் பார்த்து ஏற்றிப் போடட்டும் என்பது அவள் கணக்கு. பார்க்கிறவரோ, அவளே ஐந்து என்கிறாள், நமக்கென்ன வந்தது என்று அதே ஐந்தைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பார்க்கிறவர் பூச்சியின் நாத்தனார் கணவர். மருத்துவமனையில் நிர்வாக அதிகாரி, குடும்பத்தில் ஆபீசர். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் இவர்கள்.

பூச்சி என்பதும் நாத்தனார் வைத்த பெயர்தான். கல்யாணமான புதிதில், "என் தம்பிக்கு ஒரு வாயில்லாப் பூச்சியாப் பாத்து முடிச்சிருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். நாளடைவில் வாயில்லா உதிர்ந்து பூச்சி மட்டும் நின்றுவிட்டது. புருஷன்கூட ஆசையாக அப்படித்தான் கூப்பிடுகிறான்.

போன வாரம் பதினாறு வயது மகள் அலமாரியைக் குடைந்தபோது பழைய படிவங்களின் நகல்கள் அகப்பட்டன. பதினொன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, "அம்மா, நீ நிஜமாவே அஞ்சுதானா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் பூச்சி சிரித்து மழுப்பியிருப்பாள். அந்தப் பெண் தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. பூச்சிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இந்த வருடத்துப் படிவத்தில் ஒன்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆபீசர் வழக்கம்போல் பார்க்காமலே ஐந்து போட்டு மேலே அனுப்பினார். பக்கத்துக் கட்டத்தில் இருந்தது ஒன்பது என்று மறுநாள் யாரோ போன் பண்ணிச் சொன்னபோது தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்று பேர் கொண்ட குழு இருவரையும் கூப்பிட்டு விசாரிக்கும் என்பது அங்கே விதி.

விசாரணை இன்று மத்தியானம் மூன்று மணிக்கு. குழுவின் முடிவில் மார்க் ஏழுக்குக் குறையாமல் நின்றால், காலியாகக் கிடக்கும் பிரிவுத் தலைவி இடத்துக்குப் பூச்சியின் பெயரும் போகும். நிற்காவிட்டால் அவள் ஐந்துதான் என்று மூன்று பெரிய மனிதர்களே முத்திரை குத்தியதாக ஆகிவிடும்.

*

பூச்சியின் வேலை நடப்பது தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில். அறுவை அரங்குகளில் பயன்பட்ட கத்தரிகளும், ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகளும் அங்கே வந்து, கழுவிக் காயவைத்த பின் அவள் மேசைக்கு வரும். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பாள். பற்களின் இடுக்கில் கறை இருக்கிறதா, கிளாம்பின் நுனிகள் சரியாக ஒன்றுசேர்கின்றனவா, கத்தரி கடைசி நுனிவரை வெட்டுகிறதா. பிறகு பட்டியலோடு எண்ணி ட்ரேயில் அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, டேப் ஒட்டி, லேபிளில் தன் முதலெழுத்தைப் போடுவாள். ட்ரே கிருமியைக் கொல்லும் நீராவிப் பெட்டிக்குள் போய் வரும்போது டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால் சூடு சரியாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நீராவிப் பெட்டியை ஓட்டுகிறவரை எல்லோரும் ஸ்டீம் அண்ணன் என்பார்கள். முன்பெல்லாம் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெட்டியின் சத்தத்தை வைத்தே "ஏறிடுச்சு" என்பார். மீட்டர் அதற்குப் பிறகுதான் ஆமாம் என்று சொல்லும். எட்டு மாதமாக அந்த மனிதர் அந்த மனிதராக இல்லை. காலையில் ஒரு தடவை ஓட்ட வேண்டிய சோதனை ஓட்டத்தை மூன்று தடவை ஓட்டுகிறார்.

இன்றும் மூன்றாவது தடவை கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவயும் சரியாத்தானே வந்துச்சு அண்ணே?"

"வந்துச்சும்மா. ஆனா அன்னைக்கும் சரியா வந்த மாதிரிதான் இருந்துச்சு. வயசாகுதுல்ல, இப்பல்லாம் காது நம்பற மாதிரி இல்ல."

பூச்சி பூதக்கண்ணாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏன் என்று இதோ இரண்டு மாடி ஏறினால் தெரிந்துவிடும், ஆபீசர் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

ஆபீசில் அவர் 'சார்', வீட்டில் 'அண்ணா'. இந்த விதியைப் போட்டவரும் அவரே. இன்று விதியைத் தளர்த்தியிருந்தார்.

"உக்காரும்மா."

"பரவால்ல சார்."

"சார் எதுக்கு? நாம ரெண்டு பேரு மட்டுந்தானே இருக்கோம். அண்ணான்னே சொல்லு." ஒரு சீட்டை மேசைமேல் நகர்த்தினார். "திருத்தச் சீட்டு. ஒன்பதுங்கறது கை தவறி எழுதினதுன்னு ஒரு வரி எழுது. ஆறுன்னு போட்டுக்கோ. போன வருஷத்த விட ஒன்னு கூடத்தானே?"

"கை தவறலைங்கண்ணா."

"யாரோ உனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"மக கேட்டா. நான் எழுதினேன்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் அதைத்தான் செய்வார். "நான் அஞ்சுன்னு போட்டிருக்கேன். நீ ஒன்பதுன்னு நின்னா எனக்குக் கண்ணு தெரியலன்னு ஆகுது. புரியுதா?"

"நீங்க ஒரு தடவகூடக் கீழ வந்து பாத்ததே இல்லையேண்ணா."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று பூச்சிக்கு உறைத்தது. ஆபீசருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ட்ரே. ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் எங்கே போகும்? அன்று நுனி சேராத ஒரு கிளாம்பை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைத்தவள், அதற்குப் பதில் வேறொன்றை வைக்காமலே ட்ரேயைச் சுற்றி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை ரிப்பேர்க் கூடையை எண்ணும்போதுதான் கண்டுபிடித்தாள். ஓடிப் போய் அரங்குக்குப் போன் பண்ணி, அதைப் பிரிக்காதீர்கள் என்றாள். வேறு ட்ரே மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஆபீசர், 'நீராவிப் பெட்டி பழுது' என்று எழுதிவிட்டார். தன் பிரிவில் ஆள் தவறு என்று பதிவாவதை விட மெஷின் தவறு என்று பதிவாவது அவருக்குக் கௌரவம். ஆனால் மெஷினுக்கு மெமோ கொடுக்க முடியாதல்லவா? அது ஸ்டீம் அண்ணனுக்குப் போயிற்று.

"அன்னைக்கு உன்னக் காப்பாத்தினது நான். குழுவுல கேட்டா மறைக்க முடியாது. வீட்டுப் பொண்ணாச்சேன்னு சொல்றேன், யோசிச்சுக்கோ."

பூச்சி சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதியில் நின்று, சுவரில் சீட்டை வைத்துப் பேனாவைத் திறந்துவிட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீராங்கனை மாதிரி இறங்கி வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பேனா முனை சீட்டைத் தொட்டே விட்டது. ஆறு என்று எழுத ஒரு நொடி போதும். வீட்டில் நிம்மதி, வேலையில் நிம்மதி. கீழேயிருந்து நீராவிப் பெட்டியின் சத்தம் கேட்டது. ஸ்டீம் அண்ணன் நான்காவது தடவை ஓட்டிக்கொண்டிருந்தார். பூச்சி பேனாவை மூடினாள்.

*

சாப்பாட்டு நேரத்தில் புருஷன் வந்து நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாலு தெரு தள்ளி வேலை. விரலிடுக்கில் கிரீஸ்கூடப் போகவில்லை. கேன்டீனில் கடைசி மேசையில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா போன் பண்ணாங்க."

"தெரியும். கையக்கூடக் கழுவாம ஓடி வந்திருக்கீங்களே."

அவன் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான். அவனுக்குப் பத்து வயதில் அப்பா போய்விட்டார். படிக்க வைத்தது அக்கா, தொழில் பழக இடம் பிடித்துக் கொடுத்தது அத்தான். அந்த நன்றியை இருபத்தைந்து வருடமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், இன்னும் தீர்ந்தபாடில்லை.

"அத்தானுக்கு இன்னும் ஒன்றரை வருஷந்தான் சர்வீஸ். இந்த நேரத்துல பேரு கெட்டா தாங்க மாட்டார்னு அக்கா அழறாங்க. ஒரு சீட்டுதானே, எழுதிக் குடுத்துடேன்."

"நீங்க எனக்கு எவ்வளவு போடுவீங்க?"

"என்ன கேள்வி இது?"

"சும்மா சொல்லுங்க. பத்துக்கு எவ்வளவு?"

அவன் யோசித்தான். யோசித்ததுதான் அவன் செய்த தப்பு. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பத்து என்று சொல்லித் தப்பிக்கத் தெரியாத பிறவி அது.

"ஏழு" என்றான்.

"ஏழா?"

"ஏழு நல்ல மார்க்குதானே. பள்ளிக்கூடத்துல நான் ஏழு வாங்கினதே இல்ல."

"என் வேலைய என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

"உள்ள விட மாட்டாங்களே."

"அப்ப ஏழு எங்கேருந்து வந்துச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். கிரீஸ் தலைக்கும் போயிற்று. "கோவிச்சுக்காத. நீதான் எதச் செஞ்சாலும், 'நான் என்ன பெருசாச் செஞ்சுட்டேன், எனக்கென்ன தெரியும்'னு சொல்லுவ. கேட்டுக் கேட்டு, அதுக்கு ஒரு மூணக் கழிச்சேன்."

பூச்சிக்குச் சுருக்கென்றது. இவனைத் திட்டி என்ன பிரயோசனம்? அவள் தன்னைப் பற்றிச் சொன்னதைத்தான் இவன் நம்பினான். ஆபீசரும் அவள் எழுதிக் கொடுத்ததைத்தான் நகல் எடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டு அவளைக் கடைசியில் விசாரிப்பதும், சில சமயம் விசாரிக்காமலே போய்விடுவதும் அவள் காட்டிக் கொடுத்த வழிதான். இதையெல்லாம் பணிவு என்று நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டு வேறு இருந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு, முக்கால்வாசி தன்மேல்.

"அந்த ட்ரே விஷயத்த அத்தான் சொல்லிட்டா உனக்குத்தானே அசிங்கம்?" என்றான் அவன்.

"அசிங்கந்தான்."

"அப்புறம்?"

"எட்டு மாசமா என் அசிங்கத்த ஸ்டீம் அண்ணன் சுமக்கறாரு. யாருதுன்னுகூட அவருக்குத் தெரியாது. தன் காது கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டிருக்காரு."

"அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?"

"இப்படித்தான் நானும் எட்டு மாசமா கேட்டுட்டிருந்தேன்."

பூச்சி எழுந்தாள். திருத்தச் சீட்டு மேசைமேலேயே கிடந்தது. குடித்து முடித்த டீ டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

குழுவில் நடுவே தலைமை அறுவை மருத்துவர், வழவழவென்று பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாத அம்மா. ஒரு பக்கம் செவிலியர் கண்காணிப்பாளர். இன்னொரு பக்கம் பணியாளர் பிரிவிலிருந்து ஒருவர், எழுதிக்கொள்வதற்கு. ஆபீசர் சற்றுத் தள்ளி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. ஏன்?" என்றார் மருத்துவர்.

'ஏதோ... சும்மா... தெரியாம எழுதிட்டேங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதினோரு வருடத்துப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? பூச்சி அதை விழுங்கினாள்.

"நான் சுத்தற ட்ரேய தினமும் பிரிக்கறது நீங்கதான் டாக்டர். ஒரு நாளைக்கு முப்பது ட்ரே, பதினோரு வருஷம். கறையோட ஒரு கத்தரி மேல வந்ததில்ல. மழுங்கினது வந்ததில்ல. எனக்கப்புறம் சேந்த நாலு பேருக்கு நான்தான் வேலை பழக்கினேன். அவங்கள்ல ரெண்டு பேரு தனக்கு எட்டு போட்டுக்கறாங்க. சரியாத்தான் போட்டுக்கறாங்க."

"அப்ப இத்தன வருஷம் அஞ்சு போட்டீங்களே, அது பொய்யா?" என்றார் கண்காணிப்பாளர்.

"பொய்தாங்க மேடம். தன்னைக் குறைச்சுச் சொல்லிக்கிட்டா நல்லவன்னு நெனப்பாங்கன்னு இருந்தேன். யாராவது வந்து, இல்லம்மா, உன் மார்க் இது இல்லன்னு சொல்லுவாங்கன்னு காத்துட்டிருந்தேன். யாரும் வரல."

மருத்துவர் ஆபீசர் பக்கம் திரும்பினார். "நீங்க எத வச்சு அஞ்சு போட்டீங்க?"

"ஒட்டுமொத்தமாப் பாத்து, எல்லாத்தையும் அனுசரிச்சு..." ஆபீசர் பூசி மெழுகினார். பிறகு காலைக் கீழே இறக்கினார். "அதோட ஒரு சம்பவம் இருக்கு டாக்டர். நமக்கு வேண்டியவங்களாச்சேன்னு இத்தன நாள் வெளியில சொல்லல. இப்ப சொல்ல வேண்டியதா..."

"நான் சொல்றேன் சார்" என்றாள் பூச்சி.

அவர் பேசும்போது அவள் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை. எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். எடுத்து வைத்த கிளாம்ப், மறந்துபோன மாற்று, கூடையை எண்ணியது, போன், இருபது நிமிடம்.

"அன்னைக்கு அரங்குல இருந்தது நான்தான்" என்றார் மருத்துவர். "மெஷின் பழுதுன்னு சொன்னாங்களே."

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். எண்ணாம விட்டது நான்."

"அப்ப மெஷின் பழுதுன்னு எழுதினது யாரு?"

பூச்சி ஆபீசர் பக்கம் பார்க்கவில்லை. "எழுதினவங்க சொல்லட்டும். நான் என் பங்கச் சொல்றேன். மெஷின் ஓட்டறவருக்கு மெமோ போச்சு. நான் பாத்துட்டு வாயத் திறக்கல."

"ஏன்?"

"அஞ்சு மார்க்காரி பேச்ச யார் கேப்பாங்கன்னு இருந்துட்டேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆபீசரின் கண்ணாடி மறுபடியும் கழன்று கைக்கு வந்திருந்தது.

"இதெல்லாத்தையும் வச்சுக்கிட்டுமா உங்களுக்கு ஒன்பது?" மருத்துவரின் குரலில் காரம் இருந்தது.

"ட்ரேக்கு ஒன்னக் கழிச்சுத்தான் டாக்டர் ஒன்பது போட்டேன். வாயத் திறக்காம இருந்ததுக்கும் ஒன்னு கழிக்கணும், அதக் கழிக்காம விட்டுட்டேன். எட்டுன்னு மாத்திக்கோங்க. அதுக்குக் கீழ யார் போட்டாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மூவரும் தலைகுனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மருத்துவர் சொன்னார்: "அன்னைக்கு நடந்தது என்னன்னு ஒரே அறிக்கை, நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். அதப் பாத்துட்டுத்தான் மார்க்க முடிவு பண்ணுவோம். அந்த மெமோவையும் அப்பத்தான் பாக்கணும்."

கீழே இறங்கியதும் பூச்சி நேராக நீராவிப் பெட்டியிடம் போனாள். மற்றவர் வாயால் அந்த மனிதர் கேட்கக் கூடாது என்று இருந்தது அவளுக்கு. சொல்லி முடிக்கும்வரை அவர் கைத்துணியால் கதவின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் காது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுண்ணே."

"எட்டு மாசம்மா" என்றார். "ராத்திரி படுத்தா இந்தச் சத்தந்தான் தலைக்குள்ள ஓடும். எட்டு மாசம்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு மாலை நேரத்து ட்ரேக்களை உள்ளே தள்ளினார். பூச்சி அந்தக் கோபத்தை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றாள். அது அவளுக்குச் சேர வேண்டியது.

*

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மகள் மாடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எட்டு."

"குறைச்சுட்டாங்களா?"

"நானே குறைச்சேன்."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"உக்காரு, சொல்றேன்" என்றாள் பூச்சி. மகளிடம் அவள் முழுக் கதையையும் சொன்னாள், மெமோவையும், மார்க் இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சேர்த்து. அம்மா ஒரு தப்பு செய்து, அதை மறைத்து, பிறகு நாலு பேர் முன்னால் சொன்னாள் என்பதைக் கேட்டு அந்தப் பெண் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. புருஷன் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கையை நன்றாகக் கழுவியிருந்தான்.

அப்போதுதான் கீழேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ வாங்க."

அந்த வீட்டில் அந்தக் குரல் வந்தால் மாடிக்காரர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். கீழே போய், ஆபீசர் நாற்காலிக்கு எதிரில் நின்று, சொல்வதைக் கேட்டுவிட்டு வர வேண்டும். உட்காரச் சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. புருஷனுக்குக் கால் தானாகப் படிப் பக்கம் திரும்பிவிட்டது.

"பேசணும்னா மேல வரட்டும்" என்றாள் பூச்சி. "இங்கயும் நாற்காலி இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பிறகு படி விளிம்பில் போய் நின்றான்.

"அக்கா, அத்தான மேல வரச் சொல்லுங்க. இவ இப்பத்தான் வேலைலேருந்து வந்தா."

கீழே ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனாருடைய வேகநடை இல்லை. கனமான, ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்கும் நடை. மேல்மூச்சு வாங்க ஆபீசர் வந்து நின்றார். கையில் ஒரு தாள், ஒரு பேனா.

"உக்காருங்கண்ணா" என்றாள் பூச்சி. அவர் உட்காரட்டும் என்று காத்திருக்காமல் தானும் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் குடுக்க வேண்டிய அறிக்கை. நான் எழுதிட்டேன்" என்றார். விரலால் தாளின் அடியைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"படிச்சுட்டுப் போடறேன்."

"எல்லாம் சரியாத்தான்மா இருக்கு. நேரம் ஆகுது."

"நேரம் இருக்குண்ணா."

பூதக்கண்ணாடியின் கீழ் கத்தரியைப் பார்க்கிறவள் எப்படிப் படிப்பாளோ அப்படித்தான் படித்தாள், வரிக்கு வரி விரல் வைத்து. முதல் வரியில் தேதி. இரண்டாவதில் கிளாம்ப். மூன்றாவதில் இருபது நிமிடம். அதுவரை எல்லாம் நடந்தது நடந்தபடியே இருந்தது. நான்காவது வரியில் விரல் நின்றது. உரக்கப் படித்தாள்.

"'மேற்படி ஊழியர் தனிப்பட்ட முறையில் மன்றாடிக் கேட்டுக்கொண்டதன்பேரில், இரக்கம் கருதி, மெஷின் பழுது எனப் பதிவு செய்ய நேர்ந்தது.'"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூச்சி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"நான் கேட்டுக்கலையேண்ணா."

"ஒரு பேச்சுக்காகப் போட்டது. உனக்கு இதனால என்ன குறைஞ்சு போகுது? உன் தப்பத்தான் நீயே ஒத்துக்கிட்டியே. அதோட இதுவும் ஒன்னு. எனக்கு ஒன்றரை வருஷம் மானமாக் கழியணும்மா."

கடைசி வார்த்தைகளில் ஆபீசரின் குரல் உடைந்தது. அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பூச்சிக்கும் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்தே ஐந்தாகப் போனவள் அவள்.

"என் தப்பு மூணு வரிதாண்ணா. அத நான் சுமந்துக்கறேன். நாலாவது உங்களோடது. அத எடுத்துட்டு, அந்த இடத்துல நடந்தத எழுதிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதைத் தொடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

கீழேயிருந்து நாத்தனார் கேட்டாள், "என்னடா, கையெழுத்து ஆச்சா?"

யாரும் புருஷனை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. பூச்சிகூட அவன் பக்கம் திரும்பவில்லை. அவனாகத்தான் ஆபீசரைத் தாண்டி நடந்துபோய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"ஆகல அக்கா. அந்த வரி இருக்கற வரைக்கும் ஆகாது."